சந்தனத்துக்கு அடியில் சக்கரம்

எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஜெர்மன்காரனுடையது இல்லை என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் சலாவுதீன் பாய். போன வருஷம் ஆடி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை, வேலூரில் அவருடைய துப்பாக்கிக் கடையில் வைத்துச் சொன்னார். கிழமை எப்படி நினைவிருக்கிறது என்றால், நான் அன்றைக்கு விரதம். பாய் தொழுகைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். இரண்டு பேருக்குமே பொய் சொல்ல வசதிப்படாத நேரம்.

உட்காருங்கள் தம்பி. கேமராவை அப்புறம் எடுக்கலாம். "பத்திரிகையில் எழுத வந்திருக்கிறேன், ஜெர்மன் துப்பாக்கி இருக்கிற பட்டாளத்து வீடு எது?" என்று தெருமுனையில் ஒரு பெரியவரைக் கேட்டீர்களே, அவர்தான் எங்கள் மாமா. என் வீட்டுக்காரருக்கு அண்ணன், சிங்காரவேலு என்று பெயர். வாயைத் திறக்காமல் கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டியிருப்பார். போன வருஷம் வந்திருந்தீர்கள் என்றால் அவரே கூட்டிக்கொண்டு வந்து, உங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் கதை சொல்லியிருப்பார். இப்போது அவர் இந்த வாசல்படி மிதிப்பதில்லை. ஆறு மாதமாகிறது. நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மாமனார் பெயர் ஏகாம்பரம். சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பட்டாளத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த துப்பாக்கி அது. பிறகு அதற்கு முறையாக லைசென்ஸ் வாங்கி, சட்டத்துக்கு ஏற்ற மாதிரி பேரலை, அதாவது குழலை, மாற்றி வைத்துக்கொண்டார். அது எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால், "பட்டாளத்துல" என்பார். அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்வார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் மாமா ஒரு பாலைவனத்தையே கட்டிவிட்டார்.

கதை இதுதான். பெரிய சண்டை நடக்கிறது. ஆப்பிரிக்கா பாலைவனம். எதிரே ஒரு ஜெர்மன் தளபதி. எங்கள் மாமனார் வெறுங்கையோடு போய் அவன் துப்பாக்கியைப் பிடுங்கி, அவனையே அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வைத்தார். நான் கல்யாணமாகி வந்தபோது அந்த ஜெர்மன்காரன் சாதாரண உயரம்தான். என் பெண் பிறந்த சமயத்தில் ஆறடி ஆனான். பையனுக்குக் காது குத்தும்போது அவனுக்கு ஒரு குதிரை கிடைத்தது. என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பாலைவனத்துல குதிரை புல்லுக்கு எங்கண்ணே போவும்?" என்று கேட்டுவிட்டார். மாமா ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த தடவை சொல்லும்போது குதிரை ஒட்டகமாகிவிட்டது.

மாமாவைத் தப்பாக நினைக்காதீர்கள். பாவம், அவருக்குப் பட்டாளத்தில் சேரவேண்டும் என்று உயிர். மூன்று தடவை ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். உள்ளங்கால் தட்டை என்று மூன்று தடவையும் அனுப்பிவிட்டார்கள். கூட்டுறவு பாங்கில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனார். ஆனாலும் மீசையை விடவில்லை. காலையில் நடைப்பயிற்சி போகும்போது கையை வீசுகிற வீச்சைப் பார்த்தால் எதிரே வருகிற மாடு ஒதுங்கும். அப்படிப்பட்டவர் இருக்க, மாமனார் சாகிறதற்கு முன்னால் துப்பாக்கியை இளைய பிள்ளை பெயருக்கு, அதாவது என் வீட்டுக்காரர் பெயருக்கு எழுதிவிட்டார். ஏன் என்று தெரியாது. மாமாவுக்கு அந்தக் குறை உண்டு. அதை எங்கே காட்டுவார்? என் மேல்தான்.

எப்படிக் காட்டுவார் என்றால், நான் சயாம் கூலியின் பேத்தி.

எங்கள் தாத்தா எத்திராஜ், மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். சண்டை வந்தபோது ஜப்பான்காரன் தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றி, சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. தாத்தா திரும்பினார். கொண்டுவந்தது மலேரியா ஜுரமும், முழங்காலுக்குக் கீழே ஒரு பள்ளமும்தான். புண் தின்ற பள்ளம். ஒரு எலுமிச்சம்பழம் உட்காரும். இந்த வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும், நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலும், மாமா மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்: "இது பட்டாளத்து வீடும்மா. சயாம் கூலி வீட்டுப் பழக்கமெல்லாம் இங்க வேணாம்." நாற்பது வருஷம் கேட்டிருக்கிறேன். நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேதிவாரியாக வேண்டுமானால் சொல்கிறேன், ஆனால் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அதைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, லைசென்ஸைப் பிள்ளை பெயருக்கு மாற்றக் கேட்டோம். என் பிள்ளை ஞானவேலுக்கு அது வேண்டாம். ஓசூரில் கம்பெனி வேலை, அவனுக்குக் கொசு அடிக்கவே நேரமில்லை. மாமாதான் விடவில்லை. "வீட்டை விட்டுப் போச்சுன்னா அப்பா ஆன்மா சாந்தியடையாது" என்றார். விண்ணப்பத்தில் ஒரு கட்டம். உற்பத்தி செய்த நாடு. மாமா பெரிய எழுத்தில் ஜெர்மனி என்று எழுதிக் கொடுத்தார். கலெக்டர் ஆபீசில் அதை வாங்கிப் பார்த்த கிளார்க் அம்மா, "எதை வெச்சு எழுதினீங்க? டீலர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பிவிட்டாள். மாமாவுக்கு அன்றைக்கு மூட்டுவலி. நான் போனேன்.

பாய் துப்பாக்கியை எடுத்து மேஜையில் வைத்தார். நடுவில், தோட்டா போய் உட்கார்ந்து வெடிக்கிற இரும்புக்கூடு இருக்கிறதே, அதன் தலையில் விரலால் சுரண்டினார்.

"என்னம்மா இது, சுண்ணாம்பா?"

"சந்தனம் பாய். ஆயுத பூஜைக்கு வைக்கிறது."

"எத்தனை வருஷமா?"

"நான் வந்து நாற்பது வருஷம். அதுக்கு முன்னாடி எங்க மாமியார்."

"துடைக்கவே மாட்டீங்களா?"

"சாமிக்கு வெச்சதை எப்படித் துடைக்கிறது பாய்?"

அவர் என்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். "சந்தனம் வாசனைக்கு நல்லதும்மா. இரும்புக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்தது. நாற்பது வருஷத்துப் பக்தி, தரையில் கிடக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு பெருமாளை நினைத்தேன். கண்ணைத் திறந்தால் அவரே இருக்கிறார். இரும்பில் ஒரு சக்கரம். நடுவில் வளையம், சுற்றிலும் நெருப்பு நாக்கு மாதிரி சுழல்கிற பல். எங்கள் பிறந்த வீட்டுக் குலதெய்வம் பெருமாள். சின்ன வயதிலிருந்து கும்பிட்ட சக்கரம் எனக்குத் தெரியாதா? கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஜெர்மன்காரனும் நம்ம பெருமாளைக் கும்பிடுவானா பாய்?"

பாய் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "கட்டையை மாத்தலாம், பேரலை மாத்தலாம், இதுல பேரல் மாத்தியிருக்கு. ஆனா இந்தக் கூடு இருக்கே, இதுக்கு ஆக்‌ஷன்னு பேரு, இதை மாத்தினா துப்பாக்கியே வேற. ஜாதகம் இதுலதாம்மா இருக்கும்" என்றார். பிறகு தோட்டாப் பெட்டியைக் காட்டினார். அது நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சில தோட்டாவுக்கு அடியில் தட்டு விளிம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமாம். அடுக்கும்போது ஒன்றில் ஒன்று மாட்டாமல் இருக்கத்தான் இந்தச் சாய்வு. ஜெர்மன்காரனுடைய தோட்டாவுக்கு அந்த விளிம்பே கிடையாது, அவனுக்குச் சாய்வு எதற்கு? பக்கவாட்டில் வளைந்து வளைந்து சில எழுத்து. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தது.

"இது தாய்லாந்து எழுத்தும்மா. பழைய சயாம். மாடல் ஜெர்மன் மாடல்தான், மவுசர். ஆனா சயாம் ராஜா ஜப்பான்ல கொடுத்துச் செய்ய வெச்சது. சக்கரம் அவங்க ராஜமுத்திரை."

"எந்த ஊரு பாய்?"

"சயாம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"சயாம்மா. ஏன்?"

ஒன்றுமில்லை, காதுக்கு இனிமையாக இருந்தது. வேறொன்றுமில்லை.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை ஆபீசில் கொடுத்தேன். புரட்டாசியில் துப்பாக்கி துணி சுற்றியபடி வீட்டுக்கு வந்தது, லைசென்ஸும் வந்தது. உற்பத்தி செய்த நாடு: ஜப்பான், சயாம் ராணுவத்துக்காக. அதை மாமாவிடம் காட்டவில்லை. மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். சாமிக்குப் பின்னால் வைப்பது மறைப்பது ஆகுமா?

சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குள் மாமா கல்லுக்குச் சொல்லிவிட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து கருங்கல் பலகை. ஊர் முகப்பில் நடுவதற்கு. "ஜெர்மன் தளபதியிடம் துப்பாக்கி பறித்த வீரர் சுபேதார் ஏகாம்பரம்" என்று வெட்டியாகிவிட்டது. கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், "உபயம்: மகன் சிங்காரவேலு". ஆயுத பூஜையன்று ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டில் துப்பாக்கிக்குப் பூஜை போட்டு, சாப்பாடு போட்டு, பிறகு கல்லை நடுவதாக ஏற்பாடு.

எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்வதா, விடுவதா? நமக்கு ஒன்று தெரியவில்லை என்றால் பூ கேட்கிற வழக்கம் இருக்கிறதே. சமையலறையில் என் பெருமாள் படம் வைத்திருக்கிறேன். கூடத்தில் இவர்கள் முருகன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சொல்லவேண்டும், சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு.

விளக்கில் திரி சரியாக எரியவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். திரியைத் தூண்டிவிட்டு மறுபடி எடுத்தேன். சிவப்பு. அன்றைக்கு ராகுகாலம் பார்க்காமல் செய்துவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் தலைக்குக் குளித்து, சுத்தமாக, நல்ல நேரம் பார்த்து எடுத்தேன். வெள்ளை. பெருமாளே உத்தரவு கொடுத்த பிறகு நான் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள்.

ஆயுத பூஜையன்று துப்பாக்கியை நான்தான் துடைத்தேன். வழக்கமாகச் சந்தனம் வைக்கிற இடத்தில் வைக்கவில்லை. கட்டையில் வைத்தேன். சக்கரத்தை மட்டும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபள என்று வைத்தேன். சுற்றிலும் துளசி. அவ்வளவுதான் நான் செய்தது.

கூடம் நிறைய ஆட்கள். மாமா வெள்ளை வேட்டியில், மீசைக்கு எண்ணெய் தடவி, கதையை ஆரம்பித்துவிட்டார். ஒட்டகம் வரைக்கும் வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் சுலோச்சனா கற்பூரம் தொட்டுக்கொள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, இதுல சக்கரம் இருக்குதே. ஜெர்மன்காரனுக்குச் சக்கரம் ஏது?"

மாமா எட்டிப் பார்த்தார். அவரும் அதை அன்றைக்குத்தான் பார்க்கிறார். "அது... சூரியன். அவங்க ஊர்ல வெயில் கம்மி, அதனால சூரியனைப் பெருசா மதிப்பாங்க" என்றார்.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். பஜனையில் பழகின குரல், எனக்கு மெதுவாகப் பேசினாலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும். "சக்கரம்தான் மாமா. சயாம் ராஜா முத்திரை. டீலர் லெட்டர் கொடுத்திருக்காரு, லைசென்ஸ்லயும் ஏறிடுச்சு." சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சுலோச்சனா கையில் கொடுத்தேன். அவள் படித்தவள், உரக்கப் படித்தாள்.

"எந்த சயாம்?" என்று மாமா கேட்டார்.

"எங்க தாத்தா கூலி வேலை செஞ்ச சயாம்தான் மாமா. வேற சயாம் இருக்குதா என்ன?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை தம்பி, தீபாராதனைத் தட்டு கையில் இருந்தது. மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனார். அந்தத் தட்டைக்கால் தடம் கோலத்தின் மேல் அப்படியே பதிந்திருந்தது.

இதில் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மாமா தனிக்கட்டை. அக்கா, அதாவது அவர் சம்சாரம், போய் ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. ஒன்பது வருஷமாக இரண்டு வேளையும் இங்கேதான் சாப்பாடு. அன்றையிலிருந்து வரவில்லை. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிடுகிறார். எழுபத்தைந்து வயதில் பரோட்டா. நான் ஒரு மாதம் வரைக்கும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தேன். பிறகு ஒரு கை அரிசி குறைத்தேன். குறைத்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அடைமழை காரணம்.

அந்தக் கல் அவர் வீட்டு வாசலில் குப்புறக் கிடக்கிறது. பார்த்திருப்பீர்கள். தெருநாய் அதன் மேல்தான் படுக்கிறது.

போன வாரம் வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றார். சட்டை தோளில் தொங்குகிறது. இளைத்துவிட்டார். மீசைக்கு எண்ணெய் இல்லை.

"வேதா, எங்கப்பா சயாம்ல என்னம்மா பண்ணிட்டு இருந்தாரு?" என்று கேட்டார். "எங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. உங்க தாத்தா ஏதாவது சொல்லியிருக்காரா?"

நாற்பது வருஷத்தில் என் தாத்தாவை அவர் 'தாத்தா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன வந்ததோ, "எனக்கென்ன மாமா தெரியும், கூலி வீட்டுப் பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் பால் பொங்குகிற நேரம். அந்த அவசரத்தில் வந்த வார்த்தை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரியும் தம்பி. தெரியாமல் என்ன. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாமனார் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் எங்கள் தாத்தா கட்டிலில் கிடந்தார். மாமனார் கை கழுவப் போனவர், அந்தக் காலைப் பார்த்துவிட்டு நின்றார். பக்கத்தில் உட்கார்ந்தார். புண் தின்ற பள்ளத்தின் மேல் கையை வைத்து, ஏதோ ஒரு ஊர் பெயர் சொல்லி, "அந்தக் கேம்ப்பா?" என்று கேட்டார். தாத்தா, "இல்ல, அதுக்கு மேல, ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றார். பிறகு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பஜ்ஜி ஆறிப்போனது. அவர்கள் போன பிறகு தாத்தா சொன்னார்: "ஜப்பான்காரன் தோத்து ஓடின அப்புறம் இவங்க பட்டாளம் வந்துது பாப்பா. சண்டை போடல. ஆளைத் தூக்கினாங்க. நடக்க முடியாதவனையெல்லாம் முதுகுல தூக்கி, கஞ்சி ஊத்தி, செத்தவனுக்குக் குழி தோண்டி. அந்த மனுஷன் ஒரு வருஷம் அதைத்தான் செஞ்சிருக்காரு. துப்பாக்கியைக் குச்சியாட்டம் ஊணிக்கிட்டு நடந்தாராம், சேறு அப்படி."

அன்றைக்குப் போகும்போதே மாமனார் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார், "இந்தப் பொண்ணு போதும்" என்று. நான் அன்றைக்கு ஒரு சாமி பாட்டு நன்றாகப் பாடியிருந்தேன், அதில் மயங்கிவிட்டார்.

இதையெல்லாம் மாமாவிடம் என்னவென்று சொல்வது? கஞ்சி ஊற்றினதையும் பிணம் புதைத்ததையும் யாராவது கல்லில் வெட்டுவார்களா? ஆனால் அவர் கேட்டாரே. கேட்டவருக்குச் சொல்லாமல் இருந்தால் பாவம். போய்ச் சொல்லலாம் என்று இரண்டு நாள் செருப்பு மாட்டினேன். படி இறங்கமுடியவில்லை. எனக்கு வீம்பு ஒன்றும் கிடையாது, முழங்கால்தான்.

பூவும் கேட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை முதல் தடவையே வெள்ளை வந்தது.

நீங்கள் பத்திரிகையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பீரோவைத் திறந்து காட்டுகிறேன். ஒரே ஒரு உதவி. திரும்பிப் போகும்போது மாமா அந்தத் தெருமுனையில்தான் உட்கார்ந்திருப்பார். எங்கள் தாத்தா சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு, ஒரு மணிக்கு இலை போடுகிறேன், மோர்க்குழம்பு, வரச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.